வைரஸ் தாக்கிய எக்ஸெல் பைலை மீட்பது எப்படி?

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் நாம் பழகும் புரோகிராம்களில் முக்கியமானது எக்ஸெல். மாதச் செலவு, சீட்டுக் கணக்கு, கடை பாக்கி, டியூஷன் பீஸ், கல்யாண மொய்ப் பட்டியல் என்று ஒவ்வொன்றாக அதில் ஏறிவிடும். பழைய நோட்டுப் புத்தகம் பரணுக்குப் போய்விடும். பிறகு ஒரு நாள் பைலைத் திறந்தால், "பைலின் பார்மட் சரியில்லை, திறக்க முடியவில்லை" என்று எக்ஸெல் கைவிரித்துவிடும். கம்ப்யூட்டரில் வைரஸ் என்று ஆன்டிவைரஸ் புரோகிராம் சிவப்புக் கட்டம் காட்டும். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு என் அத்தையிடமிருந்து போன் வந்தது. அவர் எங்கள் ஊரில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கைப் பார்த்துக்கொள்கிறார். 14 பேர், ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு. 31 மாதக் கணக்கும் ஒரே எக்ஸெல் பைலில், அந்தப் பைலும் ஒரே ஒரு பென் டிரைவில். பிரின்ட் எடுப்பதற்காக ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவைக் கொண்டு போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து செருகினால் போல்டரின் மேல் சின்ன அம்புக்குறி. அதை டபுள் கிளிக் செய்ததும் போல்டர் வழக்கம் போலத் திறந்தது. பைலைத் திறந்து 32ஆம் மாதத் தொகைகளைப் போட்டு சேவ் செய்தபோது வைரஸ் எச்சரிக்கை தோன்றியது. பயத்தில் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டார். அதன் பிறகு பைல் திறக்கவில்லை. அருகில் இருந்த கம்ப்யூட்டர் கடையில் கேட்டதற்கு, "பார்மட் பண்ணிட்டா சரியாயிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கண்ணு. எல்லாரும் கணக்கு கேப்பாங்க. பார்மட் பண்ணச் சொல்லிடட்டுமா?" என்றார்.

"வேண்டாம் அத்தை. பென் டிரைவை எதிலயும் செருகாதீங்க. அப்படியே எடுத்து வச்சிருங்க, நான் சனிக்கிழமை வர்றேன்" என்றேன்.

பார்மட் செய்தால் வைரஸ் போகும். அதோடு 31 மாதக் கணக்கும் போகும். உண்மையில் அந்த வைரஸ் பைலைக் கெடுக்கவே இல்லை, மறைத்து மட்டுமே வைத்திருந்தது. சேவ் ஆகும்போது பென் டிரைவைப் பிடுங்கியதுதான் பைலை உடைத்தது. இதுதான் இந்தக் கட்டுரையின் முதல் பாடம். வைரஸ் செய்யும் சேதம் ஒரு பங்கு என்றால், அவசரத்தில் நாம் செய்யும் சேதம் இன்னொரு பங்கு.

முதலில் செய்யக் கூடாதவை

1. பார்மட் செய்யாதீர்கள். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்வதற்கும் அவசரப்பட வேண்டாம்.

2. கெட்டுப்போன பைலை அதே பெயரில் சேவ் செய்யாதீர்கள். எக்ஸெல் பாதி டேட்டாவுடன் திறந்து காட்டினால் அதை சேவ் செய்யும்போது, மீதிப் பாதிக்கு இருந்த வாய்ப்பும் போய்விடும்.

3. பைல் காணாமல் போயிருந்தால் அந்த டிரைவில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். பைல் மீட்கும் புரோகிராமைக்கூட அதே டிரைவில் இன்ஸ்டால் செய்யக் கூடாது.

4. ஆன்டிவைரஸ் புரோகிராம் கேள்வி கேட்டால் உடனே 'டெலிட்' என்பதை அழுத்தாதீர்கள். 'கிளீன்' அல்லது 'குவாரன்டைன்' என்ற வாய்ப்பு இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கவும்.

அடுத்து இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். வேறு பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் இணைக்கப்பட்டிருந்தால் அவற்றை முறைப்படி 'எஜெக்ட்' செய்து கழற்றுங்கள். பைல்களின் பெயர்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தால் மட்டும் யோசிக்காமல் கம்ப்யூட்டரையே நிறுத்திவிடுங்கள்.

வைரஸ் இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில், அப்டேட் செய்த ஆன்டிவைரஸ் இருக்கும் நிலையில், பழுதான பைலைக் காப்பி எடுங்கள். இனிச் சொல்லப்போகும் எல்லா முயற்சிகளையும் அந்தக் காப்பியில்தான் செய்ய வேண்டும். மூலப் பைலைத் தொடவே கூடாது. ஒரு முயற்சி தவறினால் இன்னொரு காப்பி எடுத்து அடுத்த முயற்சியில் இறங்கலாம்.

என்ன வகைச் சேதம்?

டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன் நாடி பார்ப்பதைப் போல, பைலை ரிப்பேர் செய்வதற்கு முன் சேதத்தின் வகையைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு மூன்று சோதனைகள் போதும்.

சோதனை 1: பைல் கண்ணில் படுகிறதா? படவில்லை என்றால் அது மறைக்கப்பட்டிருக்கலாம் அல்லது அழிக்கப்பட்டிருக்கலாம்.

சோதனை 2: பைலின் அளவு என்ன? பைல் மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். வழக்கமாக 60 கேபி இருந்த பைல் இப்போதும் ஏறத்தாழ அதே அளவில் இருந்தால் நம்பிக்கை உண்டு. பூஜ்யம் பைட் என்று காட்டினால் பைலுக்குள் ஒன்றும் இல்லை.

சோதனை 3: பைலின் காப்பியை நோட்பேட் புரோகிராமில் திறந்து பாருங்கள். எக்ஸெல் 2007 முதல் வந்த புதிய வகைப் பைலாக, அதாவது எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று முடிவதாக இருந்தால், முதல் இரண்டு எழுத்துகள் ஆங்கிலத்தில் பி, கே என்று இருக்க வேண்டும். பழைய எக்ஸ்எல்எஸ் வகை என்றால் விசித்திரமான குறிகள் நிறைந்திருக்கும். நடுநடுவே நீங்கள் ஆங்கிலத்தில் டைப் செய்த பெயர்கள் தெரியும். இப்படி இருந்தால் டேட்டா உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். பார்த்து முடித்ததும் சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள்.

இனி ஒவ்வொரு வகையாகப் பார்ப்போம்.

வகை 1: மறைக்கப்பட்ட பைல்

பென் டிரைவில் போல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் எதுவும் மாறவில்லை. உங்கள் போல்டருக்கு 'ஹிட்டன்', 'சிஸ்டம்' என்ற இரண்டு அடையாளங்களையும் கொடுத்து மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைரஸ் வைக்கிறது. நீங்கள் அதை டபுள் கிளிக் செய்தால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு உங்கள் போல்டர் திறக்கும். அதனால் சந்தேகம் வராது.

ஏன் இந்த வேடம்? முன்பெல்லாம் பென் டிரைவைச் செருகியவுடன் ஆட்டோரன் வசதி மூலம் வைரஸ் தானாகவே ஓடிவிடும். விண்டோஸ் 7இல் பென் டிரைவுக்கு இந்த வசதியை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. 2011இல் எக்ஸ்பி, விஸ்டா ஆகியவற்றுக்கும் அப்டேட் மூலம் நிறுத்தியது. தானாக ஓட முடியாததால் நம் கையாலேயே கிளிக் செய்ய வைக்கிறது வைரஸ்.

மீட்கும் முறை இதோ:

1. ஆன்டிவைரஸ் மூலம் பென் டிரைவை முழுவதும் ஸ்கேன் செய்து ஷார்ட்கட் வைரஸை நீக்கவும்.

2. ஸ்டார்ட் மெனுவின் தேடும் இடத்தில் 'பைல் எக்ஸ்புளோரர் ஆப்ஷன்ஸ்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும்.

3. 'வியூ' டேபில், ஹிட்டன் பைல்களைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அதற்குக் கீழே, பாதுகாக்கப்பட்ட ஆப்பரேட்டிங் சிஸ்டம் பைல்களை மறைத்து வை என்ற வரிக்கு முன்னால் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடவும். பலர் முதலாவதை மட்டும் செய்துவிட்டுப் பைலைக் காணோம் என்கிறார்கள். இரண்டாவதும் மிக முக்கியம்.

4. இப்போது உங்கள் போல்டர் மங்கலாகத் தெரியும். சில வைரஸ்கள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு போல்டருக்குள் தள்ளியிருக்கும். அதையும் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் உங்கள் எக்ஸெல் பைல்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஹார்ட் டிஸ்கில் புதிய போல்டர் ஒன்றை உருவாக்கி அதில் காப்பி செய்யவும். தெரியாத பைல் எதையும் காப்பி செய்யவோ கிளிக் செய்யவோ வேண்டாம்.

5. வேலை முடிந்ததும் எடுத்த டிக் அடையாளத்தைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

வகை 2: மேக்ரோ வைரஸ்

மேக்ரோ என்பது எக்ஸெல் பைலுக்குள்ளேயே இருக்கும் சிறு புரோகிராம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யாமல் இருக்க உதவுவது. இதையே வைரஸ் எழுதவும் பயன்படுத்தினார்கள். 1996இல் பரவிய லாரு என்ற வைரஸ்தான் எக்ஸெலில் பெரிய அளவில் பரவிய முதல் மேக்ரோ வைரஸ். எக்ஸெல் தொடங்கும்போது தானாகத் திறக்கும் எக்ஸெல்ஸ்டார்ட் போல்டரில் ஒரு பைலை வைத்துவிட்டு, நீங்கள் திறக்கும் ஒவ்வொரு ஒர்க்புக்கிலும் மறைவான ஒரு ஷீட்டைச் சேர்த்துவிடும். கணக்கு எதையும் அழிக்காது. ஆனால் வைரஸ் இருக்கிறதே என்று பைலையே அழித்தவர்கள் உண்டு.

மேக்ரோ வைரஸ் உள்ள பைலில் டேட்டா பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும். முதலில் எக்ஸெலில் 'பைல் - ஆப்ஷன்ஸ் - டிரஸ்ட் சென்டர் - டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ் - மேக்ரோ செட்டிங்ஸ்' சென்று எல்லா மேக்ரோக்களையும் தடை செய்யுங்கள். பிறகு பைலைத் திறந்து, 'சேவ் அஸ்' கொடுத்து, புதிய பெயரில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையாக சேவ் செய்யுங்கள். இந்த வகைப் பைலில் மேக்ரோவை வைக்கவே முடியாது என்பதால் வைரஸ் கழன்றுவிடும். நீங்களே எழுதிய மேக்ரோ இருந்தால் அதுவும் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். கடைசியாகக் கம்ப்யூட்டரை முழுதாக ஸ்கேன் செய்யவும்.

2022 முதல், இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய பைல்களில் உள்ள மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் ஆபீஸ் தானாகவே தடுத்துவிடுகிறது. ஆனால் இன்டர்நெட்டிலிருந்து வந்தது என்ற முத்திரை, பென் டிரைவில் வழக்கமாக உள்ள பேட்32 பார்மட்டில் நிற்காது. அப்படி வந்த பைலில் மஞ்சள் பட்டையில் 'எனேபிள் கன்டென்ட்' என்ற பட்டன் மட்டுமே வரும். கணக்குப் பார்ப்பதற்கு அந்தப் பட்டன் தேவையில்லை, அழுத்தாதீர்கள்.

வகை 3: காணாமல் போன பைல்

பைல் காணவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வைரஸை அல்ல, ஆன்டிவைரஸை. பாதிக்கப்பட்ட பைலை அது தன் 'குவாரன்டைன்' பகுதியில் பூட்டி வைத்திருக்கும். விண்டோஸ் 10, 11இல் 'விண்டோஸ் செக்யூரிட்டி' திறந்து, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடக்‌ஷன்' பிரிவில் 'புரொடக்‌ஷன் ஹிஸ்டரி' பாருங்கள். உங்கள் பைல் அங்கே இருந்தால், மேக்ரோக்களைத் தடை செய்துவிட்டு, 'ரீஸ்டோர்' கொடுத்து, வகை 2இல் சொன்னபடி செய்யவும். பைலின் பெயர் எக்ஸ்எல்எஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எம் என்று முடிந்தால் மட்டும் மீட்டெடுங்கள். இஎக்ஸ்இ என்று முடிந்தால் அது உங்கள் கணக்குப் பைல் அல்ல, விட்டுவிடுங்கள்.

உண்மையிலேயே டெலிட் ஆகியிருந்தால்? புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடித்துவிட்டால் அந்தப் பாடம் கிழிந்துபோவதில்லை அல்லவா? டிரைவிலும் அப்படித்தான். டெலிட் செய்யும்போது, இந்த இடம் காலி என்ற குறிப்பு மட்டுமே எழுதப்படுகிறது. வேறு பைல் அந்த இடத்தில் வந்து உட்காரும்வரை பழைய டேட்டா அங்கேயே இருக்கும். ரெக்குவா, போட்டோரெக் போன்ற இலவச புரோகிராம்கள் இந்த டேட்டாவைத் தேடி எடுக்கும். இவற்றை வேறு டிரைவில் வைத்து இயக்கி, மீட்கும் பைலையும் வேறு டிரைவிலேயே சேவ் செய்யவும். போட்டோரெக் பழைய பெயர்களைத் திருப்பித் தராது. எண் போட்ட பைல்களாக வரும். ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னது ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் ஆகியவற்றுக்குப் பொருந்தும். இப்போதைய லேப்டாப்களில் வரும் எஸ்எஸ்டி டிரைவில் 'டிரிம்' என்ற வசதி உண்டு. டெலிட் ஆன இடத்தை அது விரைவிலேயே காலி செய்துவிடும். எஸ்எஸ்டியில் டெலிட் ஆன பைலை மீட்பது கடினம்.

வகை 4: உடைந்த பைல்

பைல் இருக்கிறது, அளவும் இருக்கிறது, ஆனால் எக்ஸெல் திறக்க மறுக்கிறது. அத்தையின் பைல் இந்த வகைதான். இதற்குப் பல வழிகள் உண்டு. வரிசையாக முயன்று பாருங்கள்.

வழி 1: எக்ஸெலை மட்டும் திறந்து 'பைல் - ஓப்பன் - பிரவுஸ்' செல்லவும். பைலை ஒரே ஒரு முறை கிளிக் செய்து தேர்ந்தெடுக்கவும். கீழே 'ஓப்பன்' பட்டனுக்குப் பக்கத்தில் உள்ள சிறு அம்புக்குறியை அழுத்தினால் வரும் பட்டியலில் 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்' என்பதைக் கொடுக்கவும். எக்ஸெல் 2002இலிருந்தே இருக்கும் வசதி இது. இங்கே முதலில் 'ரிப்பேர்' கொடுத்துப் பாருங்கள். பலன் இல்லை என்றால் மறுபடி வந்து 'எக்ஸ்ட்ராக்ட் டேட்டா' கொடுக்கவும். பார்முலாவுடன் வேண்டுமா, மதிப்புகள் மட்டும் போதுமா என்று கேட்கும். முதலில் பார்முலாவுடன் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மதிப்புகளை மட்டும் எடுங்கள்.

வழி 2: லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமில் திறந்து பாருங்கள். எக்ஸெல் மறுக்கும் சில பைல்களை இது திறந்துவிடும். திறந்தால் புதிய பெயரில் எக்ஸெல் பார்மட்டில் சேவ் செய்யவும்.

வழி 3: பைல் திறக்காவிட்டாலும் அதிலிருந்து எண்களை இழுக்கலாம். புதிய ஒர்க்புக் ஒன்றில் ஏ1 செல்லில் சமக்குறி, பழுதான பைலின் பெயர், ஆச்சரியக்குறி, ஏ1 என்று இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டவும். பைல் எங்கே என்று எக்ஸெல் கேட்கும், காட்டுங்கள். எந்த ஷீட் என்று கேட்டால் தேர்ந்தெடுங்கள். எண் வந்துவிட்டால் அந்தச் செல்லை வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் இழுத்து நிரப்புங்கள். பிறகு எல்லாவற்றையும் காப்பி செய்து, 'பேஸ்ட் ஸ்பெஷல்' மூலம் 'வேல்யூஸ்' கொடுத்து அதே இடத்தில் ஒட்டவும். மூலத்தில் காலியாக இருந்த செல்கள் இங்கே பூஜ்யமாக வரும். கவனித்து நீக்கவும்.

வழி 4: எக்ஸ்எல்எஸ்எக்ஸ் பைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் பைல். நோட்பேடில் பார்த்த பி, கே எழுத்துகள் ஜிப்பின் அடையாளம்தான். காப்பியின் பெயர் முடிவை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே எக்ஸ்எல் என்ற போல்டர், அதற்குள் ஒர்க்‌ஷீட்ஸ் என்ற போல்டர், அதற்குள் ஷீட்டுக்கு ஒன்றாக எக்ஸ்எம்எல் பைல்கள் இருக்கும். அவற்றை நோட்பேடில் திறந்தால் உங்கள் எண்கள் வெறும் எழுத்தாகவே தெரியும். நீங்கள் டைப் செய்த பெயர்கள் ஷேர்டு ஸ்டிரிங்ஸ் என்ற தனிப் பைலில் இருக்கும். மற்ற வழிகள் தோற்றால் எண்களைப் பார்த்து எழுதிக்கொள்ளவாவது இது உதவும்.

வழி 5: பைல் இருந்த போல்டரிலேயே, முடிவு இல்லாத, எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த பெயரில் ஏதாவது பைல் இருக்கிறதா என்று பாருங்கள். சேவ் செய்யும்போது எக்ஸெல் முதலில் இப்படி ஒரு தற்காலிகப் பைலில்தான் எழுதும். பாதியில் நின்றுபோனால் அது அங்கேயே தங்கிவிடும். காப்பி எடுத்து, முடிவில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் சேர்த்துத் திறந்து பாருங்கள்.

அத்தையின் பைலுக்கு 'ரிப்பேர்' பலிக்கவில்லை. பார்முலாவுடன் கேட்டதற்கும் பதில் இல்லை. 'எக்ஸ்ட்ராக்ட் டேட்டா'வில் மதிப்புகள் மட்டும் என்று கொடுத்தவுடன் 31 மாதக் கணக்கும் திரையில் வந்துவிட்டது. பிடுங்கும்போது போட்டுக்கொண்டிருந்த 32ஆம் மாதம் மட்டும் வரவில்லை.

வகை 5: மேலெழுதப்பட்ட பைலும் பூட்டப்பட்ட பைலும்

எல்லாப் பைலையும் மீட்டுவிடலாம் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 1999 ஜூன் மாதம் பரவிய எக்ஸ்புளோர்ஜிப் என்ற வைரஸ், வேர்ட், எக்ஸெல், பவர்பாயின்ட் பைல்களின் அளவைப் பூஜ்யமாக்கியது. 2006 ஜனவரியில் பரவிய நிக்ஸம் இன்னும் மோசம். ஒவ்வொரு மாதமும் 3ஆம் தேதி விழித்துக்கொண்டு, எக்ஸெல், வேர்ட், பிடிஎப், ஜிப் உள்ளிட்ட பைல்களின் உள்ளே, டேட்டா எர்ரர் என்று தொடங்கும் ஒரே ஒரு வரியை எழுதிவிடும். பைலின் பெயர் அப்படியே இருக்கும், உள்ளே கணக்கு இருக்காது. சோதனை 3இல் நோட்பேடில் இப்படிப் புரியும்படியான ஒரு வரி மட்டும் தெரிந்தால், அந்தப் பைலை எந்த ரிப்பேர் புரோகிராமாலும் சரிசெய்ய முடியாது. 'ரிப்பேர் செய்து தருகிறோம்' என்று பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். பழைய காப்பியைத் தேடுவதே வழி.

ரான்சம்வேர் வகை வைரஸ்கள் பைலைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும். 2017 மே 12ஆம் தேதி உலகம் முழுவதும் பரவிய வானாகிரை இதற்கு உதாரணம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். பூட்டப்பட்ட பைலின் பெயருக்குப் பின்னால் பழக்கமில்லாத முடிவு ஒன்று சேர்ந்திருக்கும். வானாகிரையில் டபிள்யூஎன்சிஆர்ஒய் என்று இருந்தது.

இதற்குப் பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் சாவி கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. நெதர்லாந்து போலீஸ், யூரோபோல், ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்ற இணையதளத்தில் பல ரான்சம்வேர்களுக்கு இலவசச் சாவிகள் உண்டு. பூட்டிய பைல் ஒன்றை அங்கே கொடுத்தால் அது எந்த வகை, சாவி உண்டா என்று சொல்லும். இன்று சாவி இல்லாவிட்டாலும் பூட்டிய பைல்களை அழிக்காமல் ஒரு டிரைவில் எடுத்து வையுங்கள். பின்னாளில் சாவி வெளிவந்த வைரஸ்கள் பல உண்டு.

பழைய காப்பியை எங்கே தேடுவது? பைல் இருந்த போல்டரில் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' சென்று 'பிரீவியஸ் வெர்ஷன்ஸ்' பாருங்கள். ஒன்டிரைவில் வைத்திருந்தால் அந்த இணையதளத்தில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' பாருங்கள். யாருக்காவது மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பியிருந்தால் அங்கேயும் பாருங்கள். ஆறு மாதப் பழைய காப்பி கிடைத்தாலும் ஆறு மாதக் கணக்கைத்தான் மறுபடி போட வேண்டும், முழுவதையும் அல்ல.

மீட்ட கணக்கை நம்பலாமா?

பைல் திறந்துவிட்டது என்றவுடன் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். அத்தையின் ஷீட்டில் மொத்தச் சேமிப்பு 86,800 ரூபாய் என்று கீழே இருந்தது. 14 பேர், 200 ரூபாய், 31 மாதம். பெருக்கினால் சரியாக 86,800. அத்தை பெருமூச்சு விட்டார்.

ஆனால் மதிப்புகளை மட்டும் எடுத்திருக்கிறோம் அல்லவா? அந்த 86,800 இப்போது கூட்டல் பார்முலா அல்ல, வெறும் எண். பைல் உடையும் முன் போட்ட பழைய விடை. பக்கத்துக் காலத்தில் புதிதாக 'சம்' பார்முலா போட்டுப் பார்த்தேன். 86,600 என்று வந்தது. 200 ரூபாய் குறைகிறது!

ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாகக் கூட்டினோம். 17ஆம் மாதத்தில் ஒரு உறுப்பினருக்கு எதிரே செல் காலியாக இருந்தது. அவர் உண்மையிலேயே கட்டவில்லையா, அல்லது பைல் விழுங்கிவிட்டதா? குழுவின் வங்கிப் பாஸ்புக்கை எடுத்தோம். அந்த மாதம் 2,800 ரூபாய் முழுதாக வரவாகியிருந்தது. மறுநாள் கூட்டத்தில் அந்த அம்மாவின் சிறு பாஸ்புக்கையும் வாங்கிப் பார்த்தார் அத்தை. 200 ரூபாய் வரவு, அத்தையின் கையெழுத்தோடு. அடுத்த கடன் அவர் பெயரில்தான் இருந்தது. கவனிக்காமல் விட்டிருந்தால், ஒழுங்காகக் கட்டியவர் பாக்கிக்காரர் ஆகியிருப்பார்.

ஆகவே மீட்ட பைலில் கட்டாயம் இவற்றைச் செய்யுங்கள்:

1. எல்லா மொத்தங்களையும் புதிய பார்முலா போட்டுக் கூட்டிப் பழைய மொத்தத்தோடு ஒப்பிடுங்கள்.

2. 'கவுன்ட்' பார்முலா மூலம் ஒவ்வொரு காலத்திலும் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று பாருங்கள். 14 பேர் இருக்கும் இடத்தில் 13 வந்தால் எங்கோ ஓட்டை. எண் போலத் தெரிந்தாலும் எழுத்தாக மாறிவிட்ட செல்லையும் இது காட்டிக்கொடுக்கும்.

3. தேதிகளைப் பாருங்கள். தேதிக்குப் பதில் 45 ஆயிரத்தில் ஏதோ எண் தெரிந்தால் பயப்படாதீர்கள். எக்ஸெல் தேதியை நாள் கணக்காகவே வைத்திருக்கும். செல்லின் பார்மட்டை 'டேட்' என்று மாற்றினால் சரியாகிவிடும்.

4. பாஸ்புக், ரசீது, பில் என்று கம்ப்யூட்டருக்கு வெளியே இருக்கும் ஏதாவது ஒன்றோடு ஒப்பிடுங்கள்.

இனிமேல் என்ன செய்யலாம்?

கணக்குப் பைலுக்குக் குறைந்தது இரண்டு காப்பிகள் வேண்டும். அவற்றில் ஒன்று, எப்போதும் கம்ப்யூட்டரோடு இணைந்திருக்காத டிரைவில் இருக்க வேண்டும். இணைந்தே இருந்தால் வைரஸ் அதையும் பிடித்துவிடும்.

எக்ஸெலிலேயே ஒரு வசதி உண்டு. 'சேவ் அஸ் - பிரவுஸ்' சென்று, 'சேவ்' பட்டனுக்குப் பக்கத்தில் உள்ள 'டூல்ஸ்' அழுத்தி, 'ஜெனரல் ஆப்ஷன்ஸ்' எடுத்து, 'ஆல்வேஸ் கிரியேட் பேக்கப்' என்பதில் டிக் செய்யவும். ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் முந்தைய நிலை ஒரு தனிப் பைலாக அதே போல்டரில் தங்கும். அதன் முடிவு எக்ஸ்எல்கே என்று இருக்கும்.

பிரின்ட் எடுக்க வெளியே போகும்போது எக்ஸெல் பைலைக் கொண்டுபோகாதீர்கள். பிடிஎப் ஆக மாற்றி, வேறு எதுவும் இல்லாத தனிப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். திரும்பி வந்ததும் ஸ்கேன் செய்துவிட்டே திறங்கள். பென் டிரைவை எடுக்கும்போது 'எஜெக்ட்' கொடுத்து, எடுக்கலாம் என்ற செய்தி வந்தபின் எடுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்திருந்தால் அத்தையின் பைல் உடைந்திருக்காது.

இப்போது அத்தை மாதக் கூட்டம் முடிந்ததும் கணக்கை ஒரு பிரின்ட் எடுத்துப் பைலில் கோத்து வைக்கிறார். அட்டைப் பைல்தான்! "இதுல வைரஸ் வராதுல்ல கண்ணு?" என்று கேட்டார். "கரையான் மட்டும் வராம பாத்துக்கங்க அத்தை" என்றேன்.

உங்கள் கணக்கு எத்தனை இடத்தில் இருக்கிறது? ஒரே இடத்தில்தான் என்றால், இந்தப் பக்கத்தை மூடியவுடன் இன்னொரு காப்பி எடுத்துவிடுங்கள்.